பனியில் நிற்கும் லாரியும் ஒரு பிளக் பாயிண்டும்

(மும்பை மாட்டுங்காவில் ஒரு ஞாயிறு மாலை ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பனிக்காலத்தில் லாரி எஞ்சினைச் சூடேற்றுவது பற்றி மாட்டுங்காவில் பேச வந்திருக்கிறேன். அழைப்பிதழைப் பார்த்ததும் பாதிப் பேர் அச்சுப்பிழை என்று நினைத்திருப்பீர்கள். நியாயம்தான். சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 7.4 டிகிரி. அதுவும் 1962 ஜனவரியில். இன்றைக்குப் பதினாறுக்கு இறங்கினாலே நாம் ஸ்வெட்டரைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு படம் பிடிக்கக் கிளம்பிவிடுகிறோம். இந்த ஊரில் குளிரால் எந்த லாரியும் கிளம்பாமல் நின்றதில்லை. நின்றால் பேட்டரி பழசாகியிருக்கும், இல்லையென்றால் கிளீனர் ராத்திரி லைட்டை அணைக்க மறந்திருப்பான்.

ஆனால் லாரி இந்த ஊரோடு நிற்கிற ஜீவன் இல்லையே. வடாலா டிரக் டெர்மினலுக்கோ களம்போலிக்கோ போனால் தமிழ்நாட்டு வண்டிகளின் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். டிஎன் 28, டிஎன் 88 என்றால் நாமக்கல். டிஎன் 34 திருச்செங்கோடு. டிஎன் 52 சங்ககிரி. நம் தாராவிக்காரர்கள் பலருக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம், மாட்டுங்காக்காரர்களுக்குத் தஞ்சாவூரும் பாலக்காடும். லாரி என்று வந்துவிட்டால் மட்டும் தமிழன் கொங்கு நாட்டுக்காரன். அந்த நாமக்கல்லின் ஓரமாகப் போகிற தேசிய நெடுஞ்சாலை 44 கன்னியாகுமரியில் தொடங்கி ஸ்ரீநகரில் முடிகிறது. மோகனூர்ப் பிரிவில் டீ குடித்துவிட்டுக் கிளம்பும் டிரைவர், சாலை மாறாமலே போய்ச் சேரக்கூடிய கடைசி ஊர் பனி விழும் ஊர். அங்கிருந்து சோஜிலா கணவாய் ஏறினால் திராஸ், கார்கில், லே.

செம்பூர்க்காரர்களுக்கு இதில் இன்னொரு பங்கும் உண்டு. அந்த லாரி குடிக்கிற டீசல் உங்கள் வீட்டுக்குப் பின்னால்தான் காய்ச்சப்படுகிறது. மாஹுலில் 1954இல் தொடங்கி, பிறகு எஸ்ஸோ என்று பெயர் பெற்ற ஆலை இன்று எச்பிசிஎல், 1955இல் பர்மா ஷெல் தொடங்கியது இன்று பிபிசிஎல். நம் கடற்கரைக்கு மேற்கே ஏறக்குறைய 160 கிலோமீட்டர் தொலைவில், 1974 பிப்ரவரியில், சாகர் சாம்ராட் என்ற துளையிடும் கலம் எண்ணெயைக் கண்டது. பாம்பே ஹை என்ற அந்த வயலின் எண்ணெய் நல்ல எண்ணெய்: இலேசானது, கந்தகம் குறைந்தது. ஒரே ஒரு குணம் மட்டும் அதற்கு உண்டு. மெழுகு அதிகம்.

இந்த மெழுகிலிருந்துதான் நான் தொடங்க வேண்டும்.

ஜனவரியில் விடியற்காலை தேங்காய் எண்ணெய் பாட்டில் வெள்ளையாகக் கட்டிப்போய் நிற்பதை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். டீசலும் அப்படியே, இன்னும் பல டிகிரி கீழே போனபிறகு. முதலில் தெளிவாக இருந்த டீசல் இலேசாகக் கலங்கும். அப்போது வண்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும், டிரைவருக்கு எதுவும் தெரியாது. இன்னும் குளிர்ந்தால் அந்தக் கலங்கல் சின்னச் சின்னத் தகடுகளாகி ஃபில்டரில் போய் ஒட்டும். ஃபில்டர் காகிதம் மைக்ரான் கணக்கில் வடிகட்டுவது, அது அடைத்துக்கொள்ள ஸ்பூன் அளவு மெழுகு போதும். டேங்க் நிறைய டீசல் இருக்கும், எஞ்சினுக்கு ஒரு சொட்டு போகாது. இதற்கும் கீழே போனால் டேங்கில் இருப்பதே கூழாகிவிடும். ‘டீசல் உறைஞ்சு போச்சு’ என்று டிரைவர்கள் சொல்வதெல்லாம் பெரும்பாலும் இரண்டாவது நிலைதான். டேங்க் உறையவில்லை, ஃபில்டர் அடைத்திருக்கிறது. இந்த வித்தியாசம் தெரிந்தவன் டேங்குக்குக் கீழே தீ மூட்டுவதற்கு முன் ஃபில்டரைக் கழற்றிப் பார்ப்பான்.

இந்தியத் தர நிர்ணயத்தில் டீசலுக்கான எண் 1460. அதன்படி கோடைக்கால டீசல் 15 டிகிரி வரை ஓடும் நிலையில் இருந்தால் போதும், குளிர்கால டீசல் 3 டிகிரி வரை. ஃபில்டர் வழியாக இறங்க வேண்டும் என்கிற சோதனையில் கோடைக்கு 18 டிகிரி, குளிருக்கு 6. நன்றாகக் கவனியுங்கள், மைனஸ் இல்லை. பூஜ்யத்துக்கு மேலே 6. ஆலைகள் இதைவிட நன்றாகவே செய்து அனுப்பலாம், ஆனால் சட்டம் கேட்பது இவ்வளவுதான். மும்பைக்கும் சேலத்துக்கும் இது தாராளம். திராஸில் ஜனவரி இரவு மைனஸ் 20க்குக் கீழே போவது சர்வ சாதாரணம். மாஹுலில் நிரப்பிய டீசலை மிச்சம் வைத்துக்கொண்டு அங்கே போய் நிற்பவன் என்ன ஆவான் என்பதற்குத் தனியாக விளக்கம் வேண்டாம்.

மெழுகை வெல்ல முடியாது என்றும் இல்லை. 1960களில் அஸ்ஸாமின் நஹர்கட்டியாவிலிருந்து பிகாரின் பரௌனிக்குக் குழாய் போட்டார்கள். அந்தக் கச்சா எண்ணெயும் மெழுகு மிகுந்தது, குளிர்காலத்தில் குழாய்க்குள்ளேயே உட்கார்ந்துகொள்ளும். எண்ணெயை முதலில் நன்றாகச் சூடாக்கி, பிறகு ஒரு கணக்கோடு மெல்ல மெல்ல ஆறவிட்டால் மெழுகு படியும் விதமே மாறுகிறது, ஓட்டம் தடைப்படுவதில்லை என்று கண்டு, குழாயின் தலைப்பிலேயே அதற்கொரு நிலையம் கட்டினார்கள். நம் நாட்டில் செய்த வேலை இது. மாட்டுங்காவிலேயே இருக்கிற ஐசிடி ரசாயனத் தொழில்நுட்பக் கல்விக்கூடத்தில், பழைய பெயர் யுடிசிடி, எண்ணெய் படிக்கிற பிள்ளைகள் யாராவது இங்கே வந்திருந்தால் இதைப் பற்றி என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

சரி, டீசல் உறையவில்லை என்றே வைத்துக்கொள்வோம். வண்டி கிளம்புமா? அப்போதும் சந்தேகம்தான்.

டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. 1897இல் ஆக்ஸ்பர்க் நகரில் ருடால்ஃப் டீசல் ஓட்டிக் காட்டிய நாளிலிருந்து அடிப்படை அதேதான்: காற்றை அமுக்கு, அமுக்கினால் அது கொதிக்கும், கொதிக்கும் காற்றில் எண்ணெயைத் தெளி, தானே பற்றிக்கொள்ளும். மாட்டுங்காவின் 30 டிகிரிக் காற்றைப் பதினேழில் ஒரு பங்காக அமுக்கினால் அது 500 டிகிரியைத் தாண்டும். மைனஸ் 20இல் தொடங்கினால் அதே அமுக்கத்தில் 100 டிகிரிக்கு மேல் குறைந்துவிடும். அப்படியும் 400 இருக்கிறதே, டீசல் பற்றிக்கொள்ள 200 சொச்சம் போதுமே என்று பக்கத்துத் தெரு விஜேடிஐ பொறியியல் மாணவர் எழுந்து கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வி. காகிதக் கணக்கில் எஞ்சின் கிளம்பிவிடுகிறது. ஆனால் இரவெல்லாம் பனியில் நின்ற அரை டன்னுக்கு மேற்பட்ட இரும்பு அந்தக் கணக்கில் இல்லை. அமுக்கிய காற்றின் சூட்டைச் சிலிண்டர்ச் சுவரும் பிஸ்டன் தலையும் அப்படியே வாங்கிக்கொள்கின்றன. எஞ்சின் வேகமாகச் சுழன்றால் இரும்பு சூட்டைப் பறிக்க நேரம் இருக்காது. அது மெதுவாகத்தான் சுழலும், ஏனென்றால் ஆயில் கெட்டிப்பட்டுக் கிடக்கிறது. சுழற்ற வேண்டிய பேட்டரியோ மைனஸ் 18 டிகிரியில் தன் பலத்தில் ஏறக்குறையப் பாதியை இழந்து நிற்கிறது. எந்த நேரத்தில் அதிக பலம் வேண்டுமோ, சரியாக அந்த நேரத்தில் பேட்டரி கையை விரிக்கிறது.

போதாக்குறைக்கு உயரம். லே நகரம் கடல்மட்டத்திலிருந்து 3,500 மீட்டர். அங்கே காற்றழுத்தம் நமக்கு இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். சிலிண்டருக்குள் போகிற காற்றே குறைவு. டிரைவர் செல்ஃப் அடிக்கிறார், எஞ்சின் முனகுகிறது, சைலன்சரில் வெள்ளைப் புகை வருகிறது. அந்த வெள்ளைப் புகை எரியாத டீசல். இரண்டு மூன்று தடவை அப்படி அடித்தபிறகு பேட்டரி மொத்தமாகப் படுத்துவிடும். மலைப்பாதையில் இருபது டன் லோடோடு நிற்கும் வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்யச் சொல்ல யாருக்கும் வாய் வராது.

இப்போது கருவிக்கு வருகிறேன். எஞ்சின் பிளாக்கின் பக்கவாட்டில் வட்ட வட்டமாகத் தகட்டு மூடிகள் இருக்கும். கோர் பிளக் என்பார்கள், பட்டறைகளில் டம்மி என்பதும் உண்டு. உள்ளே தண்ணீர் உறைந்து விரிந்தால் இது பிய்த்துக்கொண்டு வெளியே வந்து பிளாக்கைக் காப்பாற்றும், அதற்காகவே வைத்தது என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. பிளாக்கை வார்க்கும்போது தண்ணீர் ஓடும் அறைகளுக்காக உள்ளே மணல் வடிவங்களை வைப்பார்கள். வார்ப்பு முடிந்ததும் மணலை வெளியே எடுக்க ஓட்டை வேண்டும், அந்த ஓட்டைக்குத்தான் இந்த மூடி. சில சமயம் அது பிய்த்துக்கொண்டு வந்து பிளாக்கைக் காப்பாற்றுவதுண்டு, பல சமயம் பிளாக்கும் சேர்ந்தே வெடிக்கும். சூடேற்றியைப் பொருத்துவது இந்த ஓட்டைகளில் ஒன்றில்தான். மூடியைத் தட்டி எடுத்துவிட்டு, வாட்டர் ஹீட்டரில் இருப்பது மாதிரி ஒரு கம்பிச்சுருளை உள்ளே விடுவார்கள். அதைச் சுற்றி கூலண்ட். வெளியே ஒரு வயர். காருக்கு 400 வாட், பெரிய லாரிக்கு ஆயிரத்திலிருந்து ஆயிரத்து ஐந்நூறு வாட். வண்டி எடுப்பதற்கு இரண்டு, மூன்று மணி நேரம் முன்பு சுவிட்சைப் போட்டால் கூலண்ட் சூடாகித் தானே மேலெழுந்து பிளாக் முழுக்கச் சுற்றி வரும். விடிந்ததும் செல்ஃப் அடித்தால் எஞ்சின் மும்பையில் நிற்பதாக நினைத்துக்கொண்டு கிளம்பிவிடும். அவ்வளவுதான் கருவி. இதில் எந்த மர்மமும் இல்லை.

இதைக் கண்டுபிடித்தவர் யார் என்று பார்த்தபோதுதான் எனக்கு இந்தச் சொற்பொழிவுக்கான விஷயமே கிடைத்தது. ஆண்ட்ரூ ஃப்ரீமன் என்பவர், அமெரிக்காவின் வட டகோடா மாநிலத்தில் கிராண்ட் ஃபோர்க்ஸ் ஊர்க்காரர். இஸ்திரிப் பெட்டியின் சூடேற்றும் கம்பி, பழைய செப்புக் குழாய், ஒரு வயர், இவற்றை வைத்துச் செய்து பார்த்தார். எஞ்சின் தலைப்பகுதியின் போல்ட் ஒன்றைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மாட்டுகிற மாதிரி அவர் வடிவமைத்ததற்கு 1949 நவம்பரில் காப்புரிமை கிடைத்தது. அவர் மெக்கானிக் இல்லை. மின்கோட்டா என்கிற கிராமப்புற மின் கூட்டுறவின் தலைமை மேலாளர். 1935இல் ரூஸ்வெல்ட் அரசு கிராமங்களுக்கு மின்சாரம் கொடுக்கத் திட்டம் தொடங்கியதன் பலனாகப் பண்ணை வீடுகளுக்கு வயர் போய்ச் சேர்ந்துகொண்டிருந்த காலம். பண்ணையின் கொட்டகையில் பிளக் பாயிண்ட் வந்தபிறகுதான் பண்ணைக்காரரின் காரிலிருந்து வயர் தொங்க ஆரம்பித்தது. எஞ்சின் சூடேற்றியைப் பொருத்துவது வண்டியில். ஆனால் அது பிறந்தது வண்டி நிற்கும் இடத்தில்.

நான் சொல்ல வந்தது இதுதான். இனி சொல்லப்போவதெல்லாம் இதற்கு விளக்கம்.

கனடாவுக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். வின்னிபெக், எட்மன்டன் மாதிரி ஊர்களில் வண்டிகளின் முன்பக்க கிரில்லிலிருந்து ஒரு வயர்முனை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். அலுவலக வாசலில், குடியிருப்பு வளாகத்தில், வண்டி நிறுத்தும் ஒவ்வொரு இடத்துக்கும் எதிரே ஒரு கம்பத்தில் பிளக் பாயிண்ட். டொரன்டோவின் ஸ்கார்பரோவிலிருந்து லாரி ஓட்டும் ஈழத்தமிழர் உண்டு. சட்பரியைத் தாண்டி தண்டர் பே பக்கம் போகும்போது இந்த வயர் இல்லாமல் அவர்கள் பிழைப்பு நடக்காது. வயரைக் கழற்ற மறந்து வண்டியை எடுத்துவிடுவதுதான் அங்கே புது டிரைவர்கள் வழக்கமாகச் செய்கிற தப்பு, கம்பத்தோடு கிழிந்து போகும். சிரிக்கலாம். கிழிந்துபோவதற்காவது அங்கே ஒரு கம்பம் இருக்கிறது.

சோஜிலா அடிவாரத்துச் சோன்மார்கில் இருக்கிறதா? கணவாயைத் தாண்டி மினாமார்கில்? திராஸ் கடைத்தெருவில் வரிசையாக நிற்கும் ஐம்பது லாரிக்கு எதிரே ஐம்பது பிளக் பாயிண்ட் இருக்கிறதா? இல்லை. அதனால் அங்கே நடப்பது வேறு. பழைய பானெட் வண்டிக் காலத்தில் இரவு ரேடியேட்டர்த் தண்ணீரைத் திறந்துவிட்டுவிடுவார்கள். காலையில் தகர டின்னில் வெந்நீர் போட்டு ஊற்றுவார்கள். தண்ணீர் உறைந்தால் ஒன்பது சதவீதம் விரியும், பிளாக் பிளந்துவிடும் என்று பள்ளிக்கூடம் போகாத டிரைவருக்கும் தெரிந்திருந்தது. கூலண்ட் வந்தபிறகு அந்த வேலை போயிற்று. தண்ணீரும் எத்திலீன் கிளைக்காலும் பாதிக்குப் பாதி கலந்தால் மைனஸ் 37 வரை உறையாது. ஆனால் டீசலுக்கும் இரும்புக்கும் அது மருந்தில்லையே. ஆகவே தீ. மண்ணெண்ணெய் ஸ்டவ்வை டேங்குக்குக் கீழே வைப்பது, சாக்கை டீசலில் நனைத்து ஆயில் சம்புக்குக் கீழே கொளுத்துவது, புளோ லாம்ப்பைப் பம்ப் மேல் பிடிப்பது. 1941 குளிர்காலத்தில் மாஸ்கோவுக்கு வெளியே சிக்கிய ஜெர்மானியப் படையும் இதையேதான் செய்தது. டீசல் பெட்ரோலைப் போலச் சட்டென்று பற்றாது என்பதால்தான் நம் பக்கம் பல லாரிகள் தப்பின. இன்றைய வண்டியில் பிளாஸ்டிக் குழாய், வயரிங், சென்சார் என்று கீழே முழுக்க எரியக்கூடிய சாமான்தான்.

தீ வேண்டாம் என்பவர்களுக்கு இன்னொரு வழி, வண்டியை அணைக்காமலே விடுவது. இரவு பூராவும் ஐடிலிங். பெரிய லாரி எஞ்சின் சும்மா ஓடினாலே மணிக்கு இரண்டு மூன்று லிட்டர் குடிக்கும். பத்து மணி நேரத்துக்கு 25 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். லிட்டர் 90 ரூபாய் வாக்கில் பார்த்தால் ஒரு ராத்திரிக்கு 2,250 ரூபாய். அதே வேலையை ஆயிரம் வாட் சூடேற்றி மூன்று மணி நேரத்தில் செய்யும், மூன்று யூனிட். யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என்று தாராளமாகவே போட்டாலும் 30 ரூபாய். கணக்கு போட்ட காகிதத்தை நான் இரண்டு முறை திருப்பிப் பார்த்தேன். 2,250 எங்கே, 30 எங்கே! பணத்தை விடுங்கள், லோடு இல்லாமல் மணிக்கணக்கில் ஓடும் எஞ்சினில் சிலிண்டர் போதிய சூடு ஏறாமல் எரியாத டீசல் சுவரோடு வழிந்து ஆயிலில் கலக்கும். எஞ்சினைக் காப்பாற்ற ஓடவிட்டு எஞ்சினையே தேய்க்கிற காரியம் அது.

இந்த 2,250 யாருடைய பணம்? இங்கேதான் நம் ஊர்ப் பழக்கம் வருகிறது. வண்டி திரும்பி வந்ததும் ஓனர் டிரிப் ஷீட்டை எடுத்து வைப்பார்.

“என்னப்பா, இந்தத் தடவை மைலேஜ் மூணைக்கூடத் தாண்டல. டீசலெல்லாம் எங்க போச்சு?”

“முதலாளி, ராத்திரி அணைச்சுட்டா காலையில எந்திரிக்காதுங்க. அங்க வந்து பார்த்தாத்தானுங்க தெரியும்.”

ஓனர் பார்க்க வரமாட்டார். திருட்டுப் பட்டம் டிரைவர் தலையில். அடுத்த தடவை அவர் எஞ்சினை அணைத்துவிட்டு, கேபினுக்குள் ஸ்டவ்வையோ கரி அடுப்பையோ வைத்துக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படுப்பார். மூடிய கேபினில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு. அதற்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது, தூங்குகிறவனை எழுப்பாது. பனிப் பிரதேசங்களில் இப்படிப் போன டிரைவர்கள், கிளீனர்களின் கதை ஒவ்வொரு பனிக்காலமும் எங்காவது ஒரு பத்திரிகையின் மூலையில் நான்கு வரியாக வரும். எனக்கு இதில் கோபம் உண்டு, அதை மறைக்கப் போவதில்லை. கோடை வெயிலில் வேகிற கேபினுக்கு ஏசி வேண்டும் என்ற சட்டம் அமலுக்கு வரவே 2025 அக்டோபர் ஆயிற்று. அதுவும் அந்தத் தேதிக்குப் பிறகு தயாராகும் வண்டிகளுக்கு மட்டும்.

அரசு எதுவுமே செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். 2019 நவம்பரில் இந்தியன் ஆயில் லடாக்குக்கென்று குளிர்கால டீசல் ஒன்றைக் கொண்டுவந்தது. மைனஸ் 33 டிகிரி வரை ஓடும் தன்மை கெடாத டீசல், பானிபட் ஆலையில் தயாரானது. லே, கார்கில், இமாசலத்தின் காஜா, கீலாங் ஊர்களின் பெட்ரோல் பங்க்குகளுக்காக. அதற்கு முன்னெல்லாம் டிரைவர்கள் டீசலில் மண்ணெண்ணெய் கலந்துகொண்டிருந்தார்கள். மெழுகு கரையும், ஆனால் மண்ணெண்ணெய்க்கு வழுவழுப்பு கிடையாது, பம்ப் தேயும். அந்தக் கஷ்டத்தை இந்த டீசல் பெருமளவு தீர்த்தது, கைதட்ட வேண்டிய வேலைதான். இருந்தாலும் அது தீர்ப்பது மெழுகை மட்டும். இரும்பு இரும்பாகவே குளிர்ந்து கிடக்கிறது.

இதற்கிடையே சாலையும் மாறிவிட்டது. முன்பெல்லாம் சோஜிலா பனிக்காலத்தில் ஐந்தாறு மாதம் மூடிக் கிடக்கும். வண்டிகள் போகவே வழியில்லை, ஆகவே அங்கே ஸ்டார்ட் ஆகுமா என்ற கேள்வியும் இல்லை. எல்லைச் சாலைகள் அமைப்பு இப்போது பனியை அள்ளித் தள்ளி வெகு சீக்கிரம் திறந்துவிடுகிறது. 2023இல் 68 நாள் மூடல், 2024இல் 35 நாள்தான். மணாலிப் பக்கம் 2020 அக்டோபரில் ஒன்பது கிலோமீட்டர் அடல் சுரங்கம் திறந்தது. கீலாங் பனிக்காலத்திலும் எட்டும் ஊராகிவிட்டது. சோஜிலாவுக்கும் சுரங்கம் குடைந்துகொண்டிருக்கிறார்கள். ஆக, முன்பு ஊரில் படுத்திருந்த மாதங்களில் இப்போது லாரிகள் அங்கே போய் இரவு தங்குகின்றன. சாலை திறந்தது, நிறுத்துமிடம் திறக்கவில்லை.

பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த வண்டிகளில் இன்னொரு புதுச் சிக்கல். 2020 ஏப்ரலிலிருந்து பெரிய லாரிகள் பலவற்றில் டீசல் டேங்குக்குப் பக்கத்தில் நீல மூடி போட்ட சின்ன டேங்க் ஒன்று வந்தது. அதில் யூரியாக் கரைசல், புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளை முறிக்க. யூரியா என்றால் செம்பூர்க்காரர்களுக்கு ஆர்சிஎஃப் உர ஆலையின் வாசனை ஞாபகம் வரும், கிட்டத்தட்ட அதே சரக்கு, இன்னும் சுத்தமானது. இது மைனஸ் 11 டிகிரியில் உறையும். எஞ்சின் கூலண்டைச் சுற்றவிட்டு இதை உருக்கும் ஏற்பாடு வண்டியிலேயே உண்டு. ஆனால் கூலண்ட் சூடாக எஞ்சின் முதலில் கிளம்ப வேண்டுமே!

பிளக் பாயிண்ட் இல்லாமலே வேலை செய்யும் சூடேற்றி கிடையாதா? உண்டு. ஜெர்மனியின் வெபாஸ்டோ, எபர்ஸ்பேகர் கம்பெனிகள் செய்வது. லாரியின் டீசலையே துளித்துளியாக எடுத்து எரித்து கூலண்டையோ கேபின் காற்றையோ சூடாக்கும். புகை தனிக் குழாயில் வெளியே போகும். எஞ்சின் சும்மா ஓடுவதில் பத்தில் ஒரு பங்கு டீசல்கூட கேபினைச் சூடாக்கும் வகைக்கு வேண்டாம். அருமையான சாமான், விலைதான் வயர் வகையைப் போலப் பல மடங்கு. நான்கு வண்டி வைத்திருக்கும் சங்ககிரிக்காரர் வாங்குவாரா? வருஷம் முழுக்க லே சாலையிலேயே ஓடும் வண்டிக்கு வாங்கலாம். மற்றவர்களுக்குப் பொது ஏற்பாடுதான் வழி. கார்கிலிலும் திராஸிலும் லாரி நிறுத்த ஒரு மைதானம், அதில் வரிசையாகக் கம்பம், மீட்டர், ஒரு காவலாள். ஒரு வண்டிக்கு ஒன்றரை கிலோவாட் என்றால் நூறு வண்டிக்கு 150 கிலோவாட். இங்கே புதிதாகக் கட்டும் ஒரு மாலின் ஏசி இதைவிட அதிகம் இழுக்கும்.

நம் ஊரில் இந்தக் கருவியே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். மும்பையில் நிறைய இருக்கிறது, லாரியில்தான் இல்லை. பெரிய மருத்துவமனைகளின் ஜெனரேட்டர்களில் பாருங்கள். கரண்ட் போனால் சில விநாடிக்குள் ஜெனரேட்டர் லோடைத் தூக்க வேண்டும், ஆபரேஷன் தியேட்டர் காத்திருக்காது. அதற்காக எஞ்சின் கூலண்டை எப்போதும் வேண்டிய சூட்டில் வைத்திருக்க வேண்டும் என்கிறது அமெரிக்கத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் விதி. உலகெங்கும் ஜெனரேட்டர் செய்பவர்கள் பலர் அதை அனுசரிக்கிறார்கள். தீயணைப்பு டீசல் பம்புக்கு 49 டிகிரி வேண்டும் என்கிறது அதே சங்கம். இதே கம்பிச்சுருள்தான், இதே வயர்தான். 25 டிகிரி ஜனவரியிலும் அதற்குச் சுவிட்ச் போட்டு வைத்திருக்கிறோம், ஏனென்றால் அங்கே தாமதத்துக்கு விலை தெரியும். ஜெனரேட்டர் நகராது, சுவரில் பிளக் பாயிண்ட் இருக்கிறது.

தாராவிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. குளிர் நாடுகளில் ரேடியேட்டருக்கு முன்னால் கனமான துணி உறை கட்டுவார்கள். குளிர்காற்று நேராக அடிக்காது, எஞ்சின் சூடு தங்கும். நம் டிரைவர்கள் அட்டைப்பெட்டியைக் கிழித்து வைக்கிறார்கள், அது நனைந்து கிரில்லில் ஒட்டிக்கொள்கிறது. ரெக்ஸின், கேன்வாஸ், தோல் எதைக் கொடுத்தாலும் தைத்துத் தரும் ஊர் தாராவி. எஞ்சினுக்கும் பேட்டரிப் பெட்டிக்கும் பஞ்சு வைத்த உறை, நடுவில் திறந்து மூடும் ஜன்னலோடு. களம்போலியில் ஒரு கடை போட்டுப் பாருங்கள். பள்ளத்தாக்கில் இறங்கியதும் அந்த ஜன்னலைத் திறக்காவிட்டால் எஞ்சின் கொதித்துவிடும் என்று மட்டும் விற்கும்போது சொல்லிக் கொடுத்துவிட வேண்டும்.

ஒரு சீட்டு வந்திருக்கிறது. எழுதியவர் இரண்டு லாரி வைத்திருக்கிறாராம். ‘என் வண்டி வருஷத்துக்கு ஓரிரு தடவைதான் காஷ்மீர் போகிறது, திரும்பும்போது ஆப்பிள் ஏற்றி வாஷி மார்க்கெட்டுக்கு வருகிறது. நான் சூடேற்றி வாங்க வேண்டுமா?’

வேண்டாம் ஐயா. அங்கே சொருக இடமில்லாத வயரை வாங்கி என்ன செய்வீர்கள்? வண்டி ஜம்மு ஏறுவதற்குள் நம் ஊர் டீசல் டேங்கில் தீர்ந்திருக்கட்டும், மேலே ஏற ஏற அங்கங்கே உள்ளதை நிரப்பச் சொல்லுங்கள், லடாக் போனால் கேட்டு வாங்கிக் குளிர்கால டீசல் போடச் சொல்லுங்கள். கூலண்ட் பாதிக்குப் பாதி இருக்கிறதா என்று கிளம்பும் முன் சோதித்துவிடுங்கள், வெறும் தண்ணீர் ஊற்றி ஊற்றி நிரப்பிய வண்டி அங்கே போகக்கூடாது. பேட்டரி மூன்று வருஷம் ஆனதாக இருந்தால் மாற்றுங்கள். டீசல் ஃபில்டர் இரண்டு உபரியாகக் கொடுத்தனுப்புங்கள், ஏர் லாக் எடுக்கத் தெரிந்த கிளீனராக அனுப்புங்கள். வண்டி எடுக்கவில்லை என்று போன் வந்தால் முதலில் ஃபில்டரைப் பார்க்கச் சொல்லுங்கள், தீ மூட்டச் சொல்லாதீர்கள். பேட்டாவோடு மேலே தங்கும் ஒவ்வொரு ராத்திரிக்கும் ஓர் அறை வாடகையைத் தனியாகக் கையில் கொடுத்துவிடுங்கள், கேபினில் அடுப்பு வைத்துப் படுக்க அவருக்குக் காரணம் இருக்கக்கூடாது. டிரிப் ஷீட்டில் ஐடிலிங் டீசலுக்கு ஒரு வரி சேருங்கள், திரும்பி வந்ததும் மைலேஜ் கேட்காதீர்கள்.